குறை சொல்லாத குடித்தனக்காரர்கள்

எங்கள் பல்கலைக்கழகத்தின் புதிய ஆராய்ச்சிக் கட்டடத்தில் இரண்டு லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். நான் சொல்லவில்லை, சான்றிதழ் சொல்கிறது. ஒச்சிதேரா ஊர் முழுக்க ஆடு மாடுகளையும் சேர்த்து எண்ணினாலும் அதில் கால்வாசி தேறாது. இது எப்படி என்று கடையிலும் சர்ச்சிலும் சாவு வீட்டிலும் என்னை நிறுத்திக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ரிஜாருவா. கரையான் ஆராய்ச்சி என் வேலை. கல்யாண வீடுகளில் என் அம்மா என்னை அறிமுகப்படுத்தும்போது, மகள் பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள் என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எங்கள் ஊர்க் கரையான் மரத்தை அரித்துக்கொண்டு திரிகிற ஜாதி இல்லை. அது விவசாயி. காய்ந்த புல்லைப் புற்றுக்குள் கொண்டுபோய்ப் பதப்படுத்தி, அதில் காளான் பயிரிட்டுத் தின்னும். மழைக்குப் பிறகு அதே காளான்தான் புற்றடியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குடை விரிக்கும். ஒமஜோவா என்போம். சாலையோரத்தில் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு விற்பார்கள். வெண்ணெயில் வாட்டித் தின்றால் இறைச்சியை மறந்துவிடலாம் என்று மாட்டுக்காரர்களான எங்கள் ஜனங்களே சொல்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏழு வருஷமாக ஒரு கூட்டத்தை நான் வளர்த்து வந்தேன். பழைய பண்ணை ஒன்றின் கற்சுவர்க் கிடங்கில், ஒரு பெரிய கண்ணாடித் தொட்டிக்குள். நடுவில் மண் அறைக்குள் ராணி. என் நடுவிரல் நீளம் இருப்பாள், நகர மாட்டாள், முட்டையிடுவதைத் தவிர வேறு வேலை தெரியாது. அவள் போனால் கூட்டம் போச்சு. கூட்டம் போனால் என் வேலையும் போச்சு, என் நியமனம் அந்தக் கூட்டத்தின் பேரில்தான் இருந்தது. ஆனால் வேலைக்காக மட்டும் அவளைப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய். காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அவளிடம் போய் நிற்பேன். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

அப்போதுதான் லிண்ட்ஹோல்ம் என்ற கட்டடக் கலைஞர் வந்து சேர்ந்தார். வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஏதோ ஒரு வடக்கத்தி தேசத்துக்காரர். பாலைவனத்தில் ஏசி இல்லாமல் ஓர் ஆராய்ச்சிக் கட்டடம் கட்டிக் காட்டுவதாகப் பல்கலைக்கழகத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். புற்றைப் பார்க்க வேண்டும் என்றார், கூட்டிக்கொண்டு போனேன். ஒரு புற்றைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தப் புற்றில் குடியிருந்த பாம்பு அன்றைக்கு வெளியூர் போயிருந்தது போலிருக்கிறது.

நான் அவருக்கு ஒரே ஒரு விஷயம் சொன்னேன். எங்கள் பக்கத்துப் புற்று எல்லாமே வடக்குப் பார்த்துச் சாய்ந்திருக்கும். ஏனென்றால் பூமியின் தென்பாதியில் இருக்கும் எங்கள் ஊரில் சூரியன் போகும் வழி பெரும்பாலும் எங்களுக்கு வடக்கே இருக்கிறது. காட்டில் மாடு தேடிப் போனவன் வழி தவறினால் புற்றைத்தான் பார்ப்பான். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அது வடக்கு. லிண்ட்ஹோல்ம் பரவசப்பட்டுப் போனார். சூரியனை நோக்கிச் சாய்கிறது என்று எழுதிக்கொண்டார்.

வடக்கு என்று எழுதிக்கொள்ளவில்லை. அவர் ஊரில் சூரியன் தெற்கே இருக்கும். வரைபடம் வந்தபோது கட்டடம் முழுசும், அதன் கோபுரம் உள்பட, தெற்கே சாய்ந்து நின்றது. வெயில் மறைப்புகள் எல்லாம் தெற்குச் சுவரில். வடக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது என்ற விளக்கத்தோடு. கட்டடம் பின்னால் சாய்ந்திருப்பதால் அந்தக் கண்ணாடி காரின் முன் கண்ணாடி மாதிரி வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடந்தது.

ஆலோசனைக் கூட்டத்தில் நான் கையைத் தூக்கினேன். இயக்குநர் பேராசிரியர் ஹமுன்யேலா என்னைப் பொறுமையாகக் கேட்டார். அவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்பார், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"ரிஜாருவா, இந்த வரைபடம் ஏற்கனவே மூணு விருது வாங்கியாச்சு. இப்ப இதைத் திருப்பிப் போட்டா விருதையும் திருப்பிக் குடுக்கணும்."

"சூரியன் வடக்கேதானே இருக்கு, பேராசிரியர்?"

"இப்போதைக்கு," என்றார்.

சூரியனின் நிலைப்பாடு குறித்து ஒரு மாற்றுக் கருத்து தெரிவிக்கப்பட்டதாகக் குறிப்பில் பதிவு செய்தார்கள். அதோடு தேநீர் வந்துவிட்டது.

இடம் தேர்ந்தெடுத்தார்கள். கரையான் புற்றுகளைப் போற்றும் கட்டடத்துக்காக அங்கே இருந்த புற்றுகள் அத்தனையையும் புல்டோசர் வைத்து மட்டமாக்கினார்கள். ஒமஜோவா பறிக்கும் பெண்கள் வந்து நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். ஒவ்வொரு புற்றின் புகைப்படமும் சட்டம் போட்டு உள்ளே மாட்டப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள். பல்கலைக்கழக டிரைவர் கவேத்தோ வண்டியை ஓரம் கட்டி, இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் என் கிடங்கையும் இடித்தார்கள். கட்டடங்களுக்குப் பசுமைப் பட்டமும் சான்றிதழும் கொடுக்கிறவர்களிடம், உள்ளூர்க் கல்லை மறுபடி பயன்படுத்தினால் மதிப்பெண் உண்டாம். அந்தக் கல்லில் இயக்குநரின் கார் நிறுத்த ஒரு சுவர் எழுப்பினார்கள்.

குளிர்காலம் முடியும் நேரத்தில், அதுவரை ஒரு பழைய அறையில் ஒதுக்கி வைத்திருந்த தொட்டியைப் புதுக் கட்டடத்தின் முன்கூடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி உத்தரவு வந்தது. 'எங்களுக்கு ஊக்கமளித்தவர்கள்' என்று பித்தளைப் பலகை தயாராக இருந்தது. தொட்டியை வைத்த இடம் அந்த மல்லாந்த கண்ணாடிக்கு நேர் கீழே.

செப்டம்பரில் வெயில் ஏறியது. முன்கூடத்தில் ஒரு மேசையைத் தொட்டால் கை பொரிந்தது. ஏசி கூடாது, போட்டால் பட்டம் போய்விடும். மின்விசிறி ஒன்றுக்கு ஒரு மதிப்பெண் குறையும், அதனால் அதுவும் கூடாது. பசுமை அதிகாரி என்று ஒருவரைப் போட்டிருந்தார்கள், கோரசெப் என்று பெயர். முந்தின வேலை நகராட்சியில் வண்டி நிறுத்தத்துக்கு அபராதம் எழுதுவது. நல்ல மனுஷன்தான், பெண்களை மேமே என்று மரியாதையாகக் கூப்பிடுவார், நாங்களும் அவரைத் தாதே என்போம். அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் போனை எடுத்துக் காட்டினார். கட்டடத்தின் வெப்பத்தை அளக்கும் சென்சார்கள் எல்லாம் தெற்குச் சுவரில், மறைப்புகளின் நிழலில் இருந்தன.

"இருபத்தாறு டிகிரி, மேமே. சுகமான அளவு."

"எனக்கு வேர்த்துக் கொட்டுதே, தாதே."

"அது உங்க அபிப்பிராயம்."

சொல்லும்போது அவர் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு போன் மேல் விழுந்தது. அதைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

அந்த மாதம் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஒரு மனித உடம்பு நூறு வாட் பல்புக்குச் சமமான வெப்பத்தை வெளியிடுகிறது என்று அதில் விளக்கினார்கள். ஆகவே கட்டடத்தின் சூட்டுக்குக் காரணம் கண்ணாடி அல்ல, ஊழியர்கள். மாடிக்கு ஒரே நேரத்தில் எத்தனை பல்புகள் ஏறலாம் என்று வரையறுத்தார்கள். குண்டானவர்களைக் காலையில் மட்டும் அனுமதித்தார்கள். எங்கள் ஹெரெரோ பெண்கள் விசேஷ நாட்களில் உடுத்தும் அடுக்குப் பாவாடை உடையை வெப்பம் தேக்கும் பொருட்களின் வகையில் சேர்த்தார்கள். மீசை பற்றியும் ஒரு கேள்வி எழுந்தது. இயக்குநருக்கு மீசை இருந்ததால் அது மேலே தொடரவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் கோரசெப் ஒரு பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாக வந்து கட்டடத்தைச் சுற்றித் தரையில் வெள்ளைக் கோடு போட்டார். சான்றிதழ் கோட்டுக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் கணக்கில் எடுக்கும் என்றார். கோட்டுக்கு வெளியே ஒருவர் என்ன எரித்தாலும் அது உலகத்தைச் சேராது.

மறுவாரமே கோட்டுக்கு வெளியே ஒரு கன்டெய்னர் வந்து இறங்கியது. உள்ளே ஏசி, பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர். அது இயக்குநரின் தற்காலிக அலுவலகம். அடுத்தது பசுமை அலுவலகத்துக்கு. பிறகு கணக்குப் பிரிவு, நூலகம், மண் ஆய்வுக்கூடம் என்று வரிசையாக வந்தன. கன்டெய்னர்களின் ஏசி தண்ணீர் பின்பக்கம் மணலில் சொட்டிக்கொண்டே இருந்தது. ஆட்கள் போகப் போகக் கட்டடத்தின் மதிப்பெண் ஏறியது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோரசெப் அதைப் படித்துக் காட்டுவார், நாங்கள் கை தட்டுவோம்.

கடைசியில் உள்ளே இருந்தது நானும் என் கூட்டமும்தான். காளான் தோட்டம் ஓரத்தில் கறுக்க ஆரம்பித்திருந்தது. வேலைக்காரக் கரையான்கள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு தொட்டியின் மூலைக்கு மூலை ஓடின, எங்கே போனாலும் ஒரே சூடு. நான் விடியற்காலையில் வந்து ஈரச் சாக்கு போர்த்துவேன். கோரசெப் வந்து அதை மரியாதையாக எடுத்து மடித்து என்னிடமே கொடுப்பார், தண்ணீருக்கும் மதிப்பெண் இருந்தது. தொட்டியையும் ஒரு கன்டெய்னருக்கு மாற்றுங்கள், ஒரு மூலை போதும் என்று இயக்குநரிடம் போய்க் கெஞ்சினேன். கெஞ்சினேன் என்று எழுத எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

அவருக்கு அன்றைக்கு வேறொரு கவலை. ஆள் இல்லாத கட்டடத்துக்குப் பட்டம் கிடையாது என்று விதியில் இருப்பதை அப்போதுதான் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். ஆளை உள்ளே அனுப்பினால் மதிப்பெண் போகும். அனுப்பாவிட்டால் பட்டமே போகும். இயக்குநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மிக அன்பாக ஒரு கேள்வி கேட்டார்.

"உன் தொட்டில எத்தனை இருக்கும்மா?"

நான் ஒரு மடச்சி. ஏழு வருஷத்தில் அந்தக் கேள்வியை அவர் கேட்டதே இல்லை. பெருமையாக, ரெண்டு லட்சம் இருக்கும் என்றேன்.

கோரசெப் உடனே கணக்குப் போட்டார். மொத்த மின்சாரத்தை இரண்டு லட்சத்தால் வகுத்தால் ஒரு தலைக்கு ஆகும் செலவு உலகத்திலேயே மிகக் குறைவு. தண்ணீரும் அப்படியே. இயக்குநர் எழுந்து நின்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். விதியில் குடியிருப்போர் என்றுதான் இருக்கிறது, எத்தனை கால் என்று எங்கேயும் இல்லை என்றார். அன்று மாலையே கரையான்கள் குடியிருப்போராகப் பதிவு செய்யப்பட்டன.

"அப்ப கன்டெய்னருக்கு மாத்தலாமா, பேராசிரியர்?"

"அதெப்படி? குடியிருக்கிறவங்களை வலுக்கட்டாயமா வெளியேத்துறது சட்டப்படி குத்தம்."

அக்டோபர் நடுவில் ஒரு காலை, கிழக்கிலிருந்து அனல் காற்று வீசிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வழக்கம்போல முதலில் அவளிடம் போனேன். ராணியின் அறையைச் சுற்றி வேலைக்காரக் கரையான்கள் ஒன்றுகூட இல்லை. அவள் சுருங்கி, நிறம் மாறி, காய்ந்த பேரீச்சம்பழம் மாதிரிக் கிடந்தாள். மிச்சமிருந்ததெல்லாம் அந்த வாரத்துக்குள் முடிந்தது. நான் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதேன். ஒரு பூச்சிக்காகவா என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். முன்கூடத்தில் அழுவதற்கும் சூடாகத்தான் இருந்தது.

செத்துப்போச்சு என்று கோரசெப்பிடம் சொன்னேன். அவர் தொட்டிக்கு முன்னால் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. அவருக்கு அது தெரியாமலும் இல்லை.

"உயிரோடதான் இருக்கு, மேமே," என்றார் மெதுவாக. "பாத்தாலே தெரியுது."

இயக்குநர் இன்னும் விவரமாகச் சொன்னார். கூட்டம் செத்திருந்தால் என் நியமனம் இன்றோடு முடிகிறது. கூட்டம் இருந்தால் நானும் இருக்கிறேன், சம்பளமும் இருக்கிறது. முடிவு ஒரு விஞ்ஞானியான என்னுடையது, இதில் அவர் தலையிட மாட்டார். என் அம்மா, தம்பியின் பள்ளிக்கூடம், வீட்டுக் கூரை எல்லாம் கண் முன்னால் வந்தன. உயிரோடு இருக்கிறது என்றேன். அன்றிலிருந்து தினமும் காலையில் செத்த தொட்டிக்குப் புல் போட்டேன்.

நவம்பர் கடைசியில், பட்டம் கொடுப்பவர்கள் தலைநகரிலிருந்து வந்தார்கள். முதல் மழையில் ஆற்றுப் பாதை அடித்துக்கொண்டு போயிருந்ததால் கவேத்தோ அவர்களைக் காட்டு வழியாக அழைத்து வந்தார். அவர் வழி தவறினார் என்று கேட்டால் இங்கே ஒருவரும் நம்ப மாட்டார்கள். வானம் மூடியிருந்தது, சூரியன் தெரியவில்லை. அவர் புற்றுகளின் சாய்வைப் பார்த்துச் சரியாகத்தான் ஓட்டியிருக்கிறார். திடீரென்று மரங்களுக்கு மேலே எல்லாவற்றையும் விட உயரமாக ஒன்று எதிர்ப்பக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்ததும் கை தானாக வண்டியைத் திருப்பிவிட்டது. அதுதான் எங்கள் கோபுரம். அவர்கள் எங்கேயோ ஒரு மாட்டுப் பட்டிக்குப் போய்ச் சேர்ந்து, புளித்த பால் குடித்து, சாயங்காலம் வந்து இறங்கினார்கள்.

"நான் பொறந்ததுலருந்து புத்து என்கிட்ட பொய் சொன்னதில்ல, மேமே," என்றார் கவேத்தோ. அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

வந்தவர்கள் நொந்து போயிருந்தார்கள். நேராக இயக்குநரின் கன்டெய்னருக்குள் போனார்கள். ஏசி காற்று பட்டதும், எவ்வளவு இதமான கட்டடம் என்று ஒரு பெரியவர் சொன்னார், யாரும் திருத்தவில்லை. ஜன்னல் வழியாகக் கோபுரத்தைக் காட்டினார்கள். உள்ளூர்ப் புற்றுகளோடு குழம்பும் அளவுக்குத் தத்ரூபமாக இருப்பதற்குத் தனி மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் குடியிருப்போரின் மனநிறைவு பற்றிய பகுதி வந்தது. குடியிருப்போர் சார்பில் பேச என்னைக் கூப்பிட்டார்கள். வெப்பம் பற்றி, வெளிச்சம் பற்றி, பொதுவாக ஏதாவது குறை உண்டா என்று அந்தப் பெரியவர் கேட்டார். இயக்குநர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும் குறை சொல்லலை," என்றேன்.

இரண்டு லட்சம் பேர், ஒரு குறைகூட இல்லை. அவர்கள் அனுபவத்திலேயே இப்படிப் பார்த்ததில்லையாம்.

கட்டடத்தின் பட்டமளிப்பு விழாவில் இயக்குநர் உணர்ச்சி பொங்கப் பேசினார். "இந்தக் கட்டடத்துல மனுஷங்க இருக்க முடியாதுன்னு சிலர் சொன்னாங்க. அவங்க சரியாத்தான் சொன்னாங்க. ஏன்னா இது மனுஷங்களுக்காகக் கட்டினது இல்ல, எதிர்காலத்துக்காகக் கட்டினது. எதிர்காலத்துல யாருக்கும் வேர்க்காது." நல்ல கை தட்டல். லிண்ட்ஹோல்ம் திரையில் தோன்றி, அடுத்து அவர் ஊரில் பனிக்கரடிக் குகை மாதிரி ஒரு மருத்துவமனை கட்டுவதாகச் சொன்னார்.

பெப்ரவரியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கவேத்தோ என்னைச் சாடை காட்டிக் கூப்பிட்டு கன்டெய்னர்களின் பின்பக்கம் கூட்டிப்போனார். ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டி மாதக்கணக்காக ஈரமாகவே இருந்த இடத்தில், முழங்கால் உயரத்துக்குப் புது மண் எழும்பியிருந்தது. புல்டோசர் தலையைத்தான் சீவியிருக்கிறது. அடியில் அவள், இன்னொரு ராணி, அத்தனை நாளும் முட்டையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். புற்று வடக்கே சாய்ந்திருந்தது. அதன் அடியில், தட்டு அகலத்துக்கு, வெள்ளை வெளேரென்று ஓர் ஒமஜோவா. நான் அங்கேயே மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ரொம்ப நாள் மறைத்து வைக்க முடியவில்லை. பட்டத்தைப் புதுப்பிக்க ஆண்டுக்கு ஆண்டு குடியிருப்போர் எண்ணிக்கை கூட வேண்டுமாம். அடுத்த திங்கட்கிழமை, பெயிண்ட் டப்பாவும் தூரிகையுமாகக் கோரசெப் வந்து நின்றார். ஜெனரேட்டரையும் கன்டெய்னர்களையும் வெளியே ஒதுக்கி, கோட்டை வளைத்து, புற்றை மட்டும் கோட்டுக்குள் கொண்டுவரும்படி உத்தரவு. கோட்டுக்குள் வந்ததும் அதைத் தோண்டி முன்கூடத்துக்கு மாற்ற வேண்டும். அவர் டப்பாவின் மூடியை நெம்பித் திறந்தார்.

"குடியிருக்கிறவங்க இருக்காங்கன்னு நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும், மேமே."

நான் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அதுல யாரும் இல்ல, தாதே. எல்லாம் செத்துப்போச்சு."

கோரசெப் புற்றைப் பார்த்தார். குனிந்து காளானைப் பார்த்தார். இந்த மண்ணில் பிறந்தவர், செத்த புற்றில் ஒமஜோவா வராது என்று அவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் காலடி அதிர்வுக்கு உள்ளே இருந்த சிப்பாய்க் கரையான்கள் தலையை மண்ணில் முட்டி எச்சரிக்கை கொடுத்தன, டக் டக்கென்று வெளியே கேட்டது. நான் பலமாக இருமினேன். கவேத்தோவும் இருமினார்.

கோரசெப் காளானை அடியோடு பதமாகத் திருகி எடுத்தார், ஒரு முறை முகர்ந்தார், சட்டைப் பொத்தானைக் கழற்றி அதை வயிற்றோடு சேர்த்து உள்ளே வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மாசமான பெண்ணுக்குப் போல வயிறு புடைத்திருந்தது.

"செத்த புத்துதான், மேமே," என்றார். "பாத்தாலே தெரியுது."

பெயிண்ட் டப்பாவை மூடி, எடுத்துக்கொண்டு, பசுமை அலுவலகத்தின் பக்கம் நடந்தார்.